கமான் கிடங்குக்காகப் பேசிய நாட்கள்

கமான் கிடங்கின் தூண்களில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை முதலில் என்னிடம் வந்து சொன்னவள் என் தோழி. நாங்கள் இருவரும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அதன்பின் அவள் தன் அம்மாவோடு கருவாடு விற்கப் போய்விட்டாள். நான் மேலே படித்து, பயிற்சியும் முடித்து, ராயபுரத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அன்று காலை மணி அடிப்பதற்கு முன்பே கூடையோடு பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா டீச்சரு, உனுக்கு விசயம் தெரியுமா? கெடங்க இடிக்கப் போறாங்களாம். தூணுக்குத் தூணு செவப்பு பெயிண்டு அட்ச்சி வெச்சிக்கீறாங்க."

"யாரு?"

"யாரோ ஆபீஸ்காரங்க. ஜீப்புல வந்தாங்க, அட்ச்சாங்க, போய்க்கினே இருந்தாங்க. இன்னாய்யான்னு கேட்டா, ரோடு வருது, லாரி வருது, ஊரு நல்லாவப் போதுன்றான். ஊரு நல்லாவட்டும், நாங்க எங்க போறதுன்னேன். காதுல வுழாத மாதிரி ஏறிக் குந்திக்கினான்."

கமான் கிடங்கு என்று நாங்கள் சொன்னது கல்மண்டபத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நின்ற ஒரு நீண்ட பழைய கட்டடம். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று உப்பு வைக்கக் கட்டியது என்பார்கள். பிறகு தோல் வைத்திருந்தார்கள். பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை. சாலையைப் பார்த்த முகப்பு முழுவதும் வரிசையாகச் செங்கல் வளைவுகள்; அந்த வளைவுகளைத்தான் கமான் என்போம். ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஓர் அறை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட உயரமான கூரை. சித்திரை வெயிலில் தார் உருகி ஓடும்போதும் உள்ளே கால் வைத்தால் உடம்பு குளிரும். அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் கருவாட்டுக்காரப் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கோணிச் சாக்கு வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பங்கள். அந்தக் கோடியில் கயிறு திரிப்பவர்கள்.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானபோது, ஊர் என்று ஒன்று இருந்தவர்கள் ரயிலேறினார்கள். ஊர் இல்லாதவர்கள் இந்த வளைவுகளுக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். என் அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஊர் இருந்தது. ஆனால் தண்டையார்பேட்டையில் இருந்த மளிகைக் கடையைப் பூட்டிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அதனால் நாங்களும் கிடங்கில்தான் படுத்தோம். என் தோழியின் கடைசித் தம்பி அங்கேதான் பிறந்தான். அவன் அழுத அழுகையில் அபாயச் சங்கு ஊதியதுகூடக் கேட்கவில்லை என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆக, சிவப்புக் குறி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் மேடையேறிப் பேசுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

கிடங்கில் கடை வைத்திருந்தவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் சாக்கு வியாபாரி. எல்லோருக்கும் அவர் பாய்தான். சத்தம் போட்டுப் பேசாதவர். அவர் ஒரு மாலையில் அப்பாவின் கடைக்கு வந்து, கல்மண்டபத்தில் கண்டனக் கூட்டம் போடப் போவதாகவும், கிடங்குப் பெண்கள் சார்பில் பேச ஒரு படித்த பெண் வேண்டும் என்றும் சொன்னார்.

"உங்க பொண்ணு ஸ்கூல் விழாவுல பேசுனதக் கேட்டுக்கீறேன் நைனா. கணீர்னு கீது குரலு. பத்து நிமிசம் பேசுனாப் போதும்."

அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாய் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, பொட்டப்புள்ள நடுத்தெருவுல மைக்கப் புடிச்சுப் பேசவா? நாளைக்கு ஒன்னையக் கேட்டு எவன் வருவான்?"

"வர்றவனும் வந்து கேக்கட்டுமேப்பா" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. அப்பா அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சம்மதமும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் மேடைப் பேச்சென்றால் ஒரு நடை இருந்தது. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்க வேண்டும். அலை அலையாக ஏற வேண்டும், உச்சியில் நிறுத்த வேண்டும், கைதட்டல் வர வேண்டும். நானும் அப்படியே தயார் செய்தேன். 'கல்லும் காரையும் கலந்த காவியமே' என்று தொடங்கும் உரை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். எனக்கே மெய் சிலிர்த்தது.

கூட்டத்தன்று கல்மண்டபம் முழுக்கத் தலைகள். துறைமுகத்து வேலை முடிந்து வந்தவர்கள் வேர்வை காயாமல் நின்றார்கள். நான் மைக்கைப் பிடித்து 'கல்லும் காரையும்' என்று தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்திலேயே முன்வரிசையில் பேச்சுச் சத்தம் கிளம்பிவிட்டது. ஐந்தாவதில் ஒருவர் எழுந்து நின்று, கேலியில்லாமல், உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

"அம்மா, கெடங்க இடிக்கிறாங்களா, இல்லியா? அத்தச் சொல்லு."

கூட்டம் சிரித்தது. நானும் பேசி முடித்தேன். எப்படி முடித்தேன் என்று நினைவில்லை.

எனக்கு அடுத்துப் பேசியவர் சங்கம் வெளியிலிருந்து அழைத்திருந்த பேச்சாளர். சோழர் கட்டிய கோயில், பல்லவர் குடைந்த குகை, கடல் கொண்ட பட்டினம் என்று முழங்கினார். கைதட்டல் அடங்கவே இல்லை. நான் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவமானம் மெல்ல மெல்லக் கோபமாக மாறியது. அவர் கமான் கிடங்கைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எந்தக் கட்டடத்துக்காகக் கூட்டம் என்றுகூட அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். மாலை போட்டு வண்டியேற்றி அனுப்பினார்கள்.

மறுநாள் கிடங்குக்குப் போனேன். என் தோழி நெத்திலிக் கருவாட்டைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நேத்து இன்னாமே பேசுன நீ?"

"ஏன், உனக்கும் புரியலியா?"

"புரிஞ்சா கேப்பனா? என்னாண்ட எவ்ளோ நல்லாப் பேசுவ. சண்டை போட்டா ஒரு வார்த்த வுடமாட்ட. மேல ஏறுனதும் வேற யாரோ மாதிரி ஆயிட்ட."

"மேடையில அப்படித்தான் பேசணும்."

"எவன் சொன்னான்?"

எவனும் சொல்லவில்லைதான். எல்லோரும் அப்படிப் பேசினார்கள், நானும் பேசினேன், அவ்வளவே. எங்கள் பகுதிப் பேச்சைக் கேட்டால் பட்டணத்தின் மற்றப் பக்கத்தில் மூக்கைச் சுளிப்பார்கள். நாடகங்களில் அந்தப் பேச்சு வந்தால் அது திருடனுக்கோ குடிகாரனுக்கோதான். நானே வகுப்பில் 'இன்னா' என்று சொல்லும் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டில் பேசியது தெற்குத் தமிழ், பள்ளியில் நான் பேசியது புத்தகத் தமிழ். ஆனால் தெருவில் வளர்ந்த எனக்கு நாக்கில் ஊறியது ராயபுரத்துத் தமிழ்தான். அதில் மேடையில் பேசினால் இன்னா ஆகிவிடும்?

அடுத்த சனிக்கிழமை மைக் இல்லை, மேடை இல்லை. சாமான் ஏற்றி இறக்குவதற்காகக் கிடங்கின் முன்னால் ஓர் உயரமான கல் தளம் இருந்தது. அதன் மேல் ஏறி நின்றேன். பாய்க்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. "ஒரு கூட்டம் போட்டாச்சேம்மா" என்றார். ஆனாலும் தன் ஆட்களை வேலையை நிறுத்தச் சொன்னார். கருவாட்டுக்காரப் பெண்கள் கூடைகளை மூடிவிட்டு வந்தார்கள். சாலையில் போனவர்களும் நின்றார்கள்.

"நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கோங்க" என்றேன். "இந்தக் கெடங்க ராஜா கட்டல, சாமிக்குக் கட்டல. எவனோ ஒரு கம்பெனிக்காரன் உப்பு மூட்ட அடுக்கக் கட்டுனான். ஆனா செங்கல்லு சொமந்தது யாரு? நம்ம பாட்டன், பூட்டன். சுண்ணாம்பு அரச்சது யாரு? நம்மாளுங்கதான். வெள்ளக்காரன் போய்ட்டான், சொவுரு இங்கதான் கீது. இது அவன் சொத்துன்னு இடிக்கிறதா? இல்ல நம்மளுதுன்னு வெச்சிக்கிறதா?"

தொடர்ந்தேன்.

"இங்க சாக்கட நாறுது. நாறலன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். குழா இல்ல. கக்கூசு இல்ல. மழ வந்தா மொழங்கா தண்ணி. ரிப்பேரு பண்ணுங்கன்னு எத்தினி வருசமாக் கேட்டுக்கினு கீறோம்? ஒருத்தன் எட்டிப் பாத்தானா? இப்ப வந்து, கலீஜா கீது, இடிக்கணும்ன்றான். கலீஜாக்குனது யாரு? கொழந்த மேல அழுக்கு கீதுன்னா குளிப்பாட்டுவியா, இல்ல தூக்கிக் கடல்ல போடுவியா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. கைதட்டல் இல்லை, அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று. என் தோழி இடுப்பில் கை வைத்துச் சிரித்தபடி நின்றாள்.

அதன்பின் வாரம்தோறும் எங்காவது பேசினேன். வண்ணாரப்பேட்டையில், தண்டையார்பேட்டையில், மீன் இறங்கும் கரையில். 'இடிக்காதே, சரி பண்ணு' என்பது எங்கள் வாசகமாகிவிட்டது. யாரோ அதைச் சிவப்புக் குறிகளுக்குப் பக்கத்திலேயே கரியால் எழுதி வைத்தார்கள்.

பள்ளிக்கும் செய்தி போயிற்று. தலைமையாசிரியை என்னை அறைக்கு அழைத்தார். நல்லவர். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவரே. ஆனால் அன்று உட்காரச் சொல்லவில்லை.

"நீ தெருவில் நின்று பேசுவதாகச் சொல்கிறார்கள்."

"ஆமாம் அம்மா."

"அதுவும் அந்தப் பாஷையில்."

"ஆமாம்."

"உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் நாளைக்கு எந்தத் தமிழில் பேசுவார்கள், யோசித்தாயா?"

"அவங்க ஏற்கெனவே அந்தத் தமிழ்லதான் பேசறாங்கம்மா. வீட்ல, தெருவுல, சண்டையில எல்லாம். நான் சொல்லிக் கொடுத்து வந்ததில்ல. நான் திருத்தியும் போகல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நிர்வாகத்தினர் கோபமாக இருப்பதாகவும், இனிப் பேச மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கிழமை ஆபீஸ்காரங்க கூட்டம் இருக்கும்மா. அதுல பேசறதா ஒத்துக்கிட்டேன்."

"அதற்குப் பிறகு?"

"அதுக்கப்புறமும் இருக்கும்."

ஆண்டு முடிவில் என் வேலையைப் புதுப்பிக்கவில்லை. அதற்காக அவரை நான் வெறுக்கவில்லை. எனக்காக வாதாடிப் பார்த்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது நான் அழவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையாகவே நினைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, சாலை போட வந்த அலுவலகத்தார் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் சத்தம் பத்திரிகை வரை எட்டியிருந்ததால் மக்களின் கருத்தைக் கேட்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. மேடையில் ஓர் அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் இளம் எஞ்சினியர் ஒருவர். பின்னால் பெரிய வண்ணப் படம். அதில் கல்மண்டபமே அடையாளம் தெரியவில்லை. அகலமான சாலை, நடுவில் வட்டமான புல்தரை, இரண்டு பக்கமும் மரங்கள். படத்தில் மனிதர்களும் இருந்தார்கள். எல்லோரும் கால்சட்டை போட்டிருந்தார்கள். ஒருத்தி தலையிலும் கூடை இல்லை.

அதிகாரி நன்றாகவே பேசினார். துறைமுகம் வளர்கிறது, லாரிகள் திரும்ப இடமில்லை, எண்ணூர் வரை புதிய தொழிற்சாலைகள் வரப்போகின்றன, சுதந்திர நாட்டின் நகரம் பழைய குப்பையைச் சுமக்கக் கூடாது என்றார். கடைசியில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது என்கிறீர்களே, இது என்ன தாஜ் மகாலா?"

முன்வரிசையில் இருந்த கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் எழுந்தேன். என்னை மேடைக்கு அழைக்கக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினேன்.

"தாஜ் மகாலு செத்தவங்களுக்குக் கட்டுனது சார். இது உயிரோட கீறவங்க பொழைக்கிற எடம். அத்த இடிக்க உங்களுக்குக் கை வராது. இத்த மட்டும் எப்டி சார் வருது?"

பின்னாலிருந்து பெண்கள் ஓவென்று கத்தினார்கள். அதிகாரி மணியைத் தட்டினார். "நீங்கள் ஆசிரியை என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் நல்ல தமிழில் பேசலாமே" என்றார்.

"இதுதான் சார் இந்த ஊரு நல்ல தமிழ். இந்த ஊரப் பத்திப் பேசறப்ப இந்த ஊரு தமிழ்லதான் பேசுவேன். உங்களுக்குப் புரியலன்னா சொல்லுங்க, நிறுத்தி நிதானமா இன்னொரு வாட்டி சொல்றேன்."

அவர் முகம் சிவந்தது. நான் அவரை விட்டுவிட்டு எஞ்சினியரைப் பார்த்தேன்.

"கட்டடம் விழப் போறதா எழுதிக் குடுத்திருக்கீங்களாம். உள்ள போய்ப் பாத்தீங்களா சார்?"

அவர் எழுந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். அதிகாரியை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இல்லை. வெளியிலிருந்து மட்டும்தான் பார்த்தேன்" என்றார்.

அப்படி ஒரு பதிலை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"அப்போ நாளைக்கு வாங்க. நான் கூட்டிப் போறேன்."

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியேறினார். ஒவ்வொரு அறையிலும் உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார், சுவரில் கை வைத்துப் பார்த்தார், காரையைக் கீறிப் பார்த்தார். மாலைவரை இருந்தார். பெண்கள் முதலில் அவரை முறைத்தார்கள், பிறகு மோர் கொடுத்தார்கள். கடைசியில் என்னையும் பாயையும் தனியாக அழைத்தார்.

"நடுவிலும் கிழக்கிலும் கட்டடம் அருமையாக இருக்கிறது. இன்னும் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். அப்படியே எழுதுவேன். ஆனால் மேற்குக் கோடி அறைகளில் உத்தரத்தைக் கறையான் தின்றுவிட்டது. வெளியே பார்த்தால் தெரியாது, உள்ளே பொக்கு. இந்த மழைக்கு நின்றால் ஆச்சரியம். அதையும் எழுதுவேன்."

அவர் போனபின் பாய் என்னைச் சுவரோரம் தள்ளி அழைத்துப் போனார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"மேக்காலப் பத்தி நீ வாயத் தொறக்காதம்மா. ஒரு பக்கம் வீக்குன்னு நாமளே சொன்னா, மொத்தமும் வீக்குன்னு அவன் சொல்வான். கையக் குடுத்தா தோளு வரைக்கும் புடுங்கிக்குவாங்க."

"உள்ள ஆளுங்க உக்காந்திருக்காங்களே பாய்."

"இத்தினி வருசம் வுழல. இன்னும் கொஞ்ச நாள் வுழாது."

அவர் சொன்னதில் அரசியல் நியாயம் இருந்தது. எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மேற்குக் கோடியில் கடைசிக்கு முந்தின அறையில்தான் என் தோழி உட்கார்ந்தாள். அவள் அம்மா உட்கார்ந்த இடம் அது. அன்றைக்கே அவளிடம் போய்ச் சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ என் எடத்தையே இடிக்கச் சொல்லப் போறியா?"

"உன் தலையில விழப்போவுதுன்னு சொல்லப் போறேன்."

"உன்னிய நம்ம பேச்சுல பேச வெச்சதே நான்தான்மே. எனுக்கே வெக்கிறியா வேட்டு?"

"கிழக்கால உனக்கு இடம் வாங்கித் தர்றேன்."

"யாரு குடுப்பா? பாய் குடுப்பாரா? ஒரு சாண் எடத்துக்கு அங்க அட்ச்சிக்கினு சாவுறாங்க. போ டீச்சரு. போய் நல்லாப் பேசு."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கல் தளத்தில் ஏறினேன். அலுவலகத்துக்கு எதிராகப் பேசுவது எனக்கு அதற்குள் பழகிவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு எதிராகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. எஞ்சினியர் சொன்ன இரண்டையும் அப்படியே சொன்னேன். முதல் பாதிக்கு ஆரவாரம். இரண்டாம் பாதியைச் சொன்னதும் மேற்குப் பக்கத்துப் பெண்கள் எழுந்தார்கள்.

"துட்டு வாங்கிட்டியா?" என்று ஒரு குரல். யாரோ ஒருத்தி கருவாடு அலசிய தண்ணீரை என்மேல் வீசி ஊற்றினாள். புடவை முழுக்க நாற்றம். கண் எரிந்தது. பாய் என் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார். நான் இறங்கவில்லை.

"ஊத்துங்க. இன்னும் ஒரு கொடம் கொண்டாந்து ஊத்துங்க. நான் சொல்றத மாத்திக்க மாட்டேன். ஆபீஸ்காரன் உள்ள பாக்காமப் பொய் சொன்னான்னுதான நாம சண்ட போட்டோம்? உள்ள பாத்துட்டு நாம பொய் சொன்னா அவனுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்? மேக்கால கூர வுழுந்து ஒருத்தி செத்தா, அடுத்த நாள் மொத்தக் கெடங்கையும் இடிப்பான். அப்ப நீங்க எந்த வாயி வெச்சிக்கினு தடுப்பீங்க? மேக்கால எறக்கட்டும். ஆனா அங்க கீற ஒரு பொம்பள கூடத் தெருவுக்குப் போகக் கூடாது. நடுவுலயும் கெழக்காலயும் கீறவங்க தள்ளி உக்காருங்க. மாட்டேன்னா, கெடங்கக் காப்பாத்துன்னு இனிமே என்னாண்ட யாரும் வராதீங்க."

கடைசியில் சொன்னது பாயைப் பார்த்து. அவர் தலை குனிந்து நின்றார்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அவருடைய வீட்டிலும் சண்டை என்று கேள்வி. மூன்றாம் நாள் தன் சாக்கு அறையில் பாதியைக் காலி செய்து, நடுவில் ஒரு கயிறு கட்டி, "இந்தப் பக்கம் உக்காரச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் செய்தார், ஆனால் செய்தார். தலைவரே கொடுத்தபின் மற்றவர்களுக்கு வேறு வழி இல்லை. முணுமுணுத்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்தார்கள்.

எஞ்சினியர் எழுதியதில் ஒரு வரியும் மாறவில்லை. மேற்குக் கோடியைப் பிரித்து இறக்கினார்கள். அதனால் கிடைத்த இடத்தில் லாரி திரும்ப வழி வந்துவிட்டது. மிச்சக் கட்டடத்தை இடிப்பதற்குச் சொல்லிக்கொண்டிருந்த பெரிய காரணம் அதோடு போயிற்று. பிரித்தபோது உத்தரங்களைப் போய்ப் பார்த்தேன். கை வைத்த இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. துட்டு வாங்கினாயா என்று கேட்ட பெண்ணும் வந்து பார்த்தாள். உதிர்ந்த தூளை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மன்னிப்பை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மிச்சமிருந்த வளைவுகளின் சிவப்புக் குறிகளைப் பெண்களே சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். குழாயும் சாக்கடையும் உடனே வரவில்லை. அதற்காகத் தனியாகக் கத்த வேண்டியிருந்தது. கத்தினோம். சில மழைக்காலங்கள் கழித்து வந்தன. புல்தரை மட்டும் வரவேயில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

என் தோழி பாயின் அறையில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். என்னோடு மட்டும் பேசவில்லை. நான் போனால் கூடையைப் பார்ப்பாள். மாதக்கணக்கில் அப்படியே இருந்தாள். எனக்கு அது வேலை போனதைவிட வலித்தது. ஆனாலும் நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மனம் இடம் கொடுக்கவில்லை. ஒரு நாள் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"வஞ்சிரக் கருவாடு. நைனாவுக்குப் புடிக்குமே, அதான். உனுக்கு இல்ல" என்றாள்.

"சரி."

"இப்ப கீற எடம் நல்லாத்தான் கீது. காத்து வருது." கொஞ்சம் நின்று, "அன்னிக்கி நீ பேசுனது எனுக்கு ஒத்து வர்ல. இன்னிக்கும் மனசுக்கு ஒத்து வர்ல. ஆனா நீ எறங்காம நின்ன பாரு, அத்தப் பாத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான். உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனாள்.

நான் திருவொற்றியூரில் ஒரு சின்னப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே யாரும் என் பேச்சைப் பற்றிக் கேட்கவில்லை, அல்லது கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எடுத்தார்கள். சேர்ந்து கொஞ்ச நாளில் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆற்றோரம் படகுக்காரர்கள் தங்கும் பழைய சத்திரம் ஒன்றைத் தொழிற்சாலைக்காக எடுக்கப் போகிறார்களாம், வந்து பேச வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். அந்தச் சத்திரத்தை எங்களால் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் உண்மையைச் சொல்லும் எஞ்சினியர் கிடைப்பதில்லை. ஆனாலும் கூட்டம் போட்டோம், கடைசிச் சுவர் விழும்வரை பேசினோம். அதன்பின் படகுக்காரர்களுக்கு வேறு இடம் கேட்டுப் பேசினோம். அது கிடைத்தது.

எண்ணூரில் முதல் கூட்டம் வைத்த அன்றுதான் என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தெற்கேயிருந்து ஒரு குடும்பம் சொல்லி அனுப்பியிருந்தது. அப்பா காலையிலிருந்தே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் புடவை கட்டிக்கொண்டு கிளம்பி வந்ததும் வழியை மறித்து நின்றார்.

"அவுக வந்து கேட்டா என்ன சொல்ல?"

"எண்ணூர்ல பேசப் போயிருக்கான்னு சொல்லுங்க. பாக்கணும்னா அங்க வந்து பாக்கட்டும். பேச்சையும் கேட்ட மாதிரி ஆகும்."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வழிவிட்டு விலகினார். நான் தெருமுனை திரும்பும்போது, "வெரசா வந்துரு, பஸ்ஸு நின்னுரும்" என்று பின்னாலிருந்து கத்தினார்.

மாப்பிள்ளை வீட்டார் எண்ணூருக்கு வரவில்லை. கூட்டம் நன்றாக நடந்தது.